சோலார் போட்டேன், ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது

வணக்கம், வாங்க. முதலில் இந்தச் சீட்டைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறேன், எண் தெரிகிறதா? 3,950 கிலோ. எடை மேடையில் இன்று காலையில் வாங்கியது. இந்த எண்ணுக்காக மூன்று வாரம் தூக்கம் கெட்டது.

போன இரண்டு வீடியோவையும் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பிக்கப்பில் மாட்டி இழுக்கும் என் வீட்டு ட்ரெய்லரின் மூக்கில், பிக்கப்போடு பூட்டுகிற கப்ளருக்குப் பின்னால் இரண்டு பழைய ஈய பேட்டரி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றும் 28 கிலோ. இரண்டையும் கழட்டிவிட்டு, 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் நான்கு போட்டேன். ஒன்று 12 கிலோதான். அவற்றை எங்கே வைத்தேன்? பின்பக்கச் சாமான் அறையில், இன்வெர்ட்டர் பக்கத்தில். கூரையின் பின்பாதியில் நான்கு 100 வாட் பேனல். வயரிங் பார்த்து எல்லோரும் பாராட்டினீர்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

அப்புறம் முதல் ஓட்டம். 80 வரைக்கும் ஒன்றும் இல்லை. 90-ஐத் தொட்டதும் ஒரு லாரி என்னைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் வாலை ஆட்டியது பாருங்கள்! யாரோ பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பது மாதிரி. பிக்கப் பிரேக்கை நான் மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன், டேஷ்போர்டில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் லீவரை மெதுவாகத் தள்ளினேன். ட்ரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்து, பின்னால் இருந்து வண்டியை இழுத்து நேராக்கியது. அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று கை தேடக் கூடாது. இன்றைக்கே வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள்.

எடை போட்டதும் காரணம் தெரிந்தது. ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் ஹிட்ச்சை, அதாவது ட்ரெய்லர் மாட்டும் கொக்கியை, அழுத்துகிற எடை இருக்கிறதே, அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். சோலார் போடும் முன் என்னுடையது 3,000 கிலோவுக்கு 350. போட்ட பிறகு மொத்தம் 3,030, மூக்கில் 270 மட்டும். 9 சதவீதம்கூட இல்லை! மொத்தத்தில் கூடியது வெறும் 30 கிலோ, மூக்கில் குறைந்தது 80. மூக்கிலிருந்து 56 கிலோவை எடுத்து, ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்குப் பின்னால் ஏற்றியிருக்கிறேன். சீசாப் பலகையில் ஒரு பக்கம் ஆள் இறங்கி, மறுபக்கம் ஆள் ஏறின கதை.

"ஹெவி டியூட்டி பிக்கப், இதைப்போல இரண்டு மடங்கு இழுக்குமே, ஏன் கவலை" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். இந்தப் பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இழுக்கிற பலம் வேறு, ட்ரெய்லர் ஆடாமல் பின்னால் வருவது வேறு. பிக்கப்பின் பின் சஸ்பென்ஷனுக்கு ஏர் பேக், அதாவது காற்றடைத்த பை, போடச் சொன்னவர்களுக்கும் அதே பதில். ஏர் பேக் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும், அவ்வளவுதான். மூக்கில் இல்லாத எடையை அது கொண்டுவராது.

சரி, என்ன செய்தேன்? நான்கு பேட்டரியையும் முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்தேன். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதைப் படுக்கைக்கு அடியில் வைக்க நினைக்கவே கூடாது. இந்த லித்தியத்தில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே இருந்தால் குளிர் அவ்வளவு தாக்காது. மூக்கின் எடை 320-க்கு வந்தது. பிறகு பின்னால் கிடந்த 20 கிலோ டூல் பெட்டியை முன் அறைக்கு மாற்றினேன். 350! பழைய எண்ணே திரும்பி வந்துவிட்டது. எடை மேடையில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அய்யோ, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எடை எடுத்த முறை! முதலில் பிக்கப்பை மட்டும் மேடையில் ஏற்றுங்கள். எனக்கு 3,600. அப்புறம் ட்ரெய்லரை மாட்டி, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்துங்கள். 3,950. கழித்தால் 350. ஆனால் ஹிட்ச் மேல் விழும் எடையைப் பங்கிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கம்பி இறுகியிருந்தால் எடையில் ஒரு பங்கை ட்ரெய்லரின் ஆக்சிலுக்கே திருப்பித் தள்ளிவிடும், எண் பொய் சொல்லும். முதல் தடவை நான் தளர்த்தவில்லை, அதனால் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றேன்.

பிக்கப் பக்கம் ஒரே ஒரு மாற்றம். பேட்டரியிலிருந்து பின் பம்பர் வரை தடித்த வயர், இரண்டு முனையிலும் ஃபியூஸ், ட்ரெய்லருக்குள் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். வண்டியிலிருந்து வரும் வோல்ட்டை லித்தியத்துக்கு ஏற்றபடி உயர்த்திக் கொடுப்பது அதன் வேலை. பிக்கப்பையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை பிளக்கில் சார்ஜ் வயர் ஏற்கெனவே இருக்கிறதே என்றால், அது மெல்லிசு. இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். நல்ல கரண்ட் இழுத்தால் பின்னால் போய்ச் சேர்வதற்குள் ஒரு வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். லித்தியமோ பாதி சார்ஜிலேயே 13-க்கு மேல் நிற்கும். அப்புறம் எங்கே ஏறுவது? இப்போது மேகம் மூடிய நாளிலும் ஓட்டிக்கொண்டே பேட்டரி நிறைகிறது.

நேற்று அதே சாலை, அதே 90. இரண்டு லாரி தாண்டிப் போயின. ஸ்டீயரிங்கில் லேசான ஒரு தள்ளல், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று பாக்கி. எடை போட்டபோது தண்ணீர்த் தொட்டி காலி. அது 150 லிட்டர், அதுவும் ஆக்சிலுக்குப் பின்னால். நாளைக்கு நிரப்பிக்கொண்டு மறுபடியும் மேடைக்குப் போகிறேன், அந்தச் சீட்டையும் காட்டுகிறேன்.