நீந்தத் தெரிந்தும் நீருக்கு அஞ்சியவன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, செய்வது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்த்து ஆடும் கதையாட்டத்தில் பாத்திரத்துக்கு உயிர் தருவது பகடையே என்கிறது எதிரணி; முன்கதையே என்கிறோம் நாங்கள்.

எதிரணி நண்பர் நன்றாகச் சிரிக்க வைத்தார். "12 பக்கம் முன்கதை எழுதுகிறார்கள், பூதத்தின் முதல் அடியிலேயே செத்துப்போகிறார்கள்" என்றார். நண்பரே, 1977இல் வந்த 'டிராவலர்' ஆட்டத்தில் பாத்திரத்தின் கடந்தகாலத்தையே பகடை உருட்டித்தான் தீர்மானித்தார்கள். அந்த உருட்டலிலேயே, ஆட்டம் தொடங்கும் முன்பே, அவன் செத்துப்போகவும் இடமிருந்தது. பூதமாவது ஆட்டம் தொடங்கும்வரை காத்திருந்தது. உங்கள் பகடைக்கு அந்தப் பொறுமையும் இல்லை! மேலும், 12 பக்கம் யார் கேட்டார்கள்? ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரியைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு நண்பர், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் மாலுமிப் பின்னணியைத் தேர்ந்தெடுத்தார். விதிப்படி அது தடகளத் திறனைத் தரும். அதாவது, நன்றாக நீந்தக்கூடியவன். ஆனால் 'குறை' என்ற கட்டத்தில் அவர் எழுதியதோ, "தம்பியைக் கடல் கொண்டுபோன நாள்முதல் தண்ணீரில் இறங்கமாட்டேன்." ஆறு வந்தால் மலையைச் சுற்றுவான், ஓடை வந்தால் எங்கள் வீரனின் தோளில் ஏறிக்கொள்வான், மழைநீர் தேங்கிய பள்ளத்தைக் கடக்க அவன் கயிறு கேட்ட அன்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்தான். குறையை உண்மையாக நடித்ததற்காக, ஆட்டத்தை நடத்துபவர் அவனுக்கு 'உந்துதல்' வழங்கினார்: வேண்டும்போது ஒருமுறை, ஒன்றுக்குப் பதில் இரண்டு 20 முகப் பகடைகளை உருட்டி, பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் பாலம் இடிந்து ஒரு சிறுவன் வெள்ளத்தில் விழுந்தான். இவன் கயிறு கேட்பான் என்று சிரிக்கத் தயாரானோம். நண்பர், "குதிக்கிறேன்" என்றார். சிறுவனைக் கரைக்குத் தள்ள ஓர் உருட்டல்; தேறியது. தான் கரையேற, உந்துதலைச் செலவிட்டு இரண்டு பகடைகள். விழுந்தவை 4, 7. இரண்டுமே போதவில்லை; அவன் கரையேறவில்லை.

ஆம், பகடை உங்கள் அணிக்கே வாக்களித்தது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேசையில் கிடந்த அந்தப் பகடைகளை எடுத்துவைக்க அன்று எங்களில் ஒருவர் கையும் நீளவில்லை. அடுத்த வாரம் அவர் புதிய பாத்திரத்தாளோடு வந்தபோது, உயிர்ப்புள்ளி எத்தனை, ஆயுதம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. "இவனுக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்றுதான் கேட்டோம்.