நாய் கோழியைத் துரத்துதா? ஓடுறதுக்கு முன்னாடியே கவனிங்க

(காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு வீட்டுக் கொல்லை. வைக்கோல் போர் ஓரமா கோழிங்க கிளறுது. வேப்பமரத்துல ஒரு சிப்பிப்பாறை நாய் கட்டியிருக்கு.)

நாயோட முகத்தை மட்டும் பாருங்க. இவ்வளவு நேரம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சிக்கிட்டு இருந்துச்சு. இப்ப வாய் மூடிக்கிச்சு. காது முன்னால வந்துருச்சு. முன்னங்கால் ஒண்ணு லேசா தூக்கியிருக்கு. கோழி நகர்ற பக்கமெல்லாம் தலையும் திரும்புது. நாம புகுந்து திருப்ப வேண்டியது இந்த நொடியிலதான். ஓட்டம் பிடிச்சப்புறம் என்ன கத்தினாலும் அது காதுல ஏறாது.

நாய்க்கு வேட்டைங்கிறது படிப்படியா வரும்: தேடுறது, உத்துப் பாக்குறது, பதுங்குறது, துரத்துறது, கவ்வுறது, கொல்றது. லாப்ரடார்கிட்ட கொல்ற படி பெரும்பாலும் மழுங்கிப்போயிருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் தெக்க முயல் வேட்டைக்குன்னே வளர்த்த சாதி. ஓடுறதைக் கண்ணால பாத்தாலே கிளம்பிரும்.

"சோறு பத்தலை, அதான் பிடிக்குது"ன்னு சொல்லுவாங்க. வயிறு முட்டத் தின்ன நாயும் துரத்தும்ங்க. அந்த ஓட்டமே அதுக்கு விருந்து. அடிச்சீங்கன்னா, நீங்க நிக்கிற வரைக்கும் சும்மா இருக்கும், வயலுக்குப் போனதும் வேலையைக் காட்டும். செத்த கோழியைக் கழுத்துல கட்டிவிடுற வைத்தியமும் எனக்கு ஒப்பலை. நாத்தம்தான் மிச்சம்.

(காட்சி: பஞ்சாரத்துக்குள்ள ரெண்டு கோழி. தள்ளி, நீளக் கயித்துல நாய்.)

நாத்தங்கால்ல விதை தெளிச்சிருக்கிற நாள்ல எப்படியும் கோழியை அடைச்சுத்தான் வைப்போம். பழக்குறதுக்கு அதுதான் தோதான நேரம். பத்து மீட்டர் பருத்திக் கயிறு எடுங்க, நைலான் கையை அறுத்துரும். கழுத்துல கட்டாம மார்புப் பட்டையில கட்டுங்க. கோழி கண்ணுக்குத் தெரியணும், ஆனா நாய் விறைச்சுப்போகக் கூடாது. அந்தத் தூரத்துல நில்லுங்க. கோழியைப் பாத்துட்டு உங்க பக்கம் திரும்புச்சா, அந்த நொடியே ஒரு துண்டு அவிச்ச ஈரல். கோழி ஈரலான்னு கேக்காதீங்க, தாராளமா குடுக்கலாம். தட்டுல இருக்கிறதையும் ஓடுறதையும் நாய் ஒண்ணாப் பாக்காது.

விறைச்சிருச்சுன்னா திட்டாதீங்க, நாலு எட்டு பின்னால கூட்டிக்கிட்டு வந்துருங்க. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போதும். பஞ்சாரத்துக்குப் பக்கத்துலேயே நாய் அசால்ட்டாப் படுத்தாத்தான் கோழியை வெளிய விடணும், அப்பவும் கயிறு கையில இருக்கட்டும். படபடன்னு பறக்குற கோழியும் கீச்கீச்சுங்கிற குஞ்சும்தான் கடைசிப் பரீட்சை.

குட்டியா இருந்தா வேலை பாதி. பிறந்த 3 வாரத்துலேருந்து 14 வாரத்துக்குள்ள கோழியைப் பக்கத்துல பாத்துப் பழகினா நல்லது. குஞ்சு வச்சிருக்கிற தாய்க்கோழிகிட்ட மட்டும் விடாதீங்க, கண்ணைக் கொத்திரும்.

ஏற்கெனவே கொன்னு பழகின நாயா? ஆள் இல்லாம அதையும் கோழியையும் ஒண்ணா விடவே கூடாது, எவ்வளவு பழக்கினாலும் சரி. கம்பிவலை அடிச்சிருங்க. வலையை ஒரு அடி மண்ணுக்குள்ள புதைங்க. இல்லேன்னா நாய் தோண்டும், அதே ஓட்டை வழியா கீரியும் வரும்.