கஹாங் துக்ச்ச? – பக்தபூரில் படித்த மருத்துவம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்த அனுபவத்தைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போன வெளிநாடு நேபாளம், நமக்கு அங்கே போக விசாவே தேவையில்லை. சென்னையில் ரயிலேறி கோரக்பூரில் இறங்கி, சுனௌலி எல்லையை நடந்தே தாண்டி, ராத்திரி முழுக்க மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கினால் காத்மாண்டு. அங்கிருந்து 13 கிலோமீட்டரில் பக்தபூர். மல்ல ராஜாக்களின் பழைய தலைநகரம், தெருவெல்லாம் செங்கல். அங்கே ஐந்தடுக்குக் கூரையோடு நியாத்தபோலா என்றொரு கோயில். 1702 வாக்கில் கட்டியது, 2015 நிலநடுக்கத்தில்கூட இடிந்து விழவில்லை. நிலநடுக்கத்தைத் தொட்டால் இன்றைய நேரம் அதற்கே போய்விடும், விட்டுவிடுகிறேன்.

ஊரில் என்னை அனுப்பிவைத்த கன்சல்டன்சிக்காரர் கொடுத்த நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருந்தது, 'இங்கிலீஷ் மீடியம்' என்று. பொய் இல்லை. பாடம் இங்கிலீஷ், புத்தகம் இங்கிலீஷ், பரீட்சை இங்கிலீஷ். நோயாளி? நோயாளிக்கு எந்த மீடியம் என்று நோட்டீஸில் யாரும் போடுவதில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நடுநடுவே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருஷம் இது உறைக்கவே இல்லை. உடற்கூறு அறையில் பிணத்துக்கு மொழி தேவைப்படவில்லை. டிசம்பரில் அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலைக் கடிக்கும். அப்போதெல்லாம் குளிர்காலத்தில் நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு. நரம்பின் பெயரெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் மனப்பாடம் செய்ததுதான்.

மூன்றாம் வருஷம் வார்டுக்கு அனுப்பினார்கள். விடுதியில் சமைத்த அக்கா (அங்கே 'தீதி' என்போம்) ரொட்டி சுட்டுக்கொண்டே வலிக்கு மூன்று சொல் கற்றுக்கொடுத்தாள். 'துக்ச்ச' என்றால் வலிக்கிறது. 'போல்ச்ச' என்றால் எரிகிறது. 'கோச்ச' என்றால் குத்துகிறது. நம்மிடம் மட்டும் எத்தனை இருக்கிறது, கடுக்குது, இழுக்குது, சுருக்குங்குது, விண்விண்ணென்று தெறிக்குது! அவர்களிடமும் அப்படித்தான். நான் 'கஹாங் துக்ச்ச', எங்கே வலிக்கிறது, என்பதை மட்டும் உருப்போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒருநாள் காலை, அவசரப் பிரிவு. வயலிலிருந்து நேரே வந்த ஒரு பெரியவர். தலையில் பக்தபூர்க்காரர்களுக்கே உரிய கறுப்புத் தொப்பி, கால் விரலிடுக்கில் சேறு. கேட்டேன், "பா, கஹாங் துக்ச்ச?" அவர் தலையை ஆட்டி, "துக்தெய்ன" என்றார். வலிக்கவில்லையாம். பிறகு நெஞ்சுக்குழியில் கையை வைத்து, "போல்ச்ச" என்றார். கடைசியில் அவரே தீர்ப்பும் சொன்னார், "கேஸ்ட்ரிக்." நம் ஊரில் 'கேஸ் ட்ரபிள்' என்பார்களே, அதே! எனக்கு ஒரே நிம்மதி. வலி இல்லை, கேஸ்ட்ரிக் என்று எழுதி, மூத்த டாக்டரிடம் சீட்டை நீட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. பெரியவரின் நெற்றியைத்தான் பார்த்தார். அந்தக் குளிரில் நெற்றியில் வியர்வை. "ஈசிஜி எடு" என்றார்.

மாரடைப்பு. இதயத்தின் அடிச்சுவர் ரத்தம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. இதயத்திலிருந்தும் இரைப்பையிலிருந்தும் சேதி கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் போய்ச் சேருகின்றன. எந்த வீட்டில் நெருப்பு என்று மூளைக்கே குழம்பிவிடும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே எரிந்தது. நான்தான் 'வலி' என்ற ஒற்றைச் சொல்லோடு போய் நின்றிருந்தேன்.

ஆம்புலன்ஸில் காத்மாண்டுக்கு அனுப்பினோம். கறுப்புத் தொப்பி கட்டிலிலேயே கிடந்தது. மறுநாள் பேரன் வந்து வாங்கிப் போனான்.

அன்று சாயங்காலம் தீதியிடம் போய் உட்கார்ந்தேன், மிச்சச் சொற்களையும் சொல் என்று. தலைசுற்றலுக்கு 'ரிங்கடா'. மரத்துப்போனால் 'ஜம்ஜம்'. அதோடு முடியவில்லை. பக்தபூரின் சில பாட்டிகளுக்கு நேபாளியும் வசதிப்படாது, அந்தப் பள்ளத்தாக்கின் பழைய மொழியான நேவாரிதான். அதற்குப் பேத்தியைக் கூப்பிட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், நோட்டீஸில் இது இருக்காது.

சொல்லோடு நம்பிக்கையும் சேர்ந்து வரும். காத்மாண்டுவில் பாங்கேமுடா என்ற தெருமுனையில் பல்வலிக்கு ஒரு சாமி உண்டு, வைஷ்ய தேவ். சிலை இல்லை, ஒரு மரக்கட்டை. ஒரு நாணயத்தை வைத்து ஆணி அடித்தால் பல்வலி போகும். அடித்து அடித்து மரமே தெரியவில்லை, பூராவும் துருவேறிய காசும் ஆணியும். சுற்றிலும் என்ன கடை தெரியுமா? பல் டாக்டர் கடைகள், கண்ணாடிக்குள் பல்செட் வைத்து! நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 'ஆணி அடித்தாயா?' என்று கேட்டால் பல்வலி எத்தனை நாளாக என்பது தானாக வந்துவிடும்.

நிகழ்ச்சி நடத்தும் நண்பர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார். பெற்றோருக்காக வைத்திருந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 முதல் வெளிநாட்டில் படிக்கவும் நீட் தேற வேண்டும். அதுபோக நேபாளத்தின் மருத்துவக் கல்வி ஆணையம் நடத்தும் நுழைவுத் தேர்வும் உண்டு. கோவிந்த கே.சி. என்ற எலும்பு மருத்துவர் 2012 முதல் பலமுறை உண்ணாவிரதம் இருந்து போராடியதன் பின்னணியில் வந்த அமைப்பு அது. அந்தக் கதைக்கே அரை மணி நேரம் வேண்டும். இந்தியாவின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதன்பின் அங்கேயே 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்தால், இங்கே டாக்டராகப் பதிவு செய்ய 300 கேள்வித் தேர்வு, 150 எடுக்க வேண்டும். செலவுக் கணக்கு... நேரம் இல்லை. நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடும். அந்தக் கணக்கில் என் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

வணக்கம்.