மதுரையில் சனி, ஞாயிறு: எங்கே சாப்பிடுவது, எங்கே சுற்றுவது?

அடுத்த கேள்வி சென்னையிலிருந்து ஒரு சகோதரி கேட்டது. "வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சனி விடியற்காலையில் மதுரையில் இறங்குகிறோம், ஞாயிறு ராத்திரி அதே வண்டியில் திரும்புகிறோம். நான், கணவர், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். மாமியார் சுத்த சைவம், நாங்கள் எல்லாம் சாப்பிடுவோம். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பொழுது எங்கே போகும்?" இதுதான் கேள்வி.

சரி. எங்கே என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன், ஆனால் மதுரையில் இடத்தைவிட நேரம்தான் முக்கியம். இந்த ஊருக்கு விடியற்காலை உண்டு, ராத்திரி உண்டு, நடுவில் மத்தியானம் என்று ஒன்று இருக்கிறதே, அதை மறந்துவிடுங்கள். பன்னிரண்டரை மணிக்கு மீனாட்சி அம்மன் கோயில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், வெயிலும் அந்த நேரத்தில்தான் மண்டையைப் பிளக்கும், நல்ல பலகாரக் கடைகளும் அப்போது இருக்காது. வெளியூர்க்காரர்கள் பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சுடுகிற கல்லில் குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். விடிய எழுந்து சுற்றுங்கள், மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், சாயங்காலம் மறுபடி கிளம்புங்கள்.

அறை எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டேஷனுக்கு எதிரே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன, நடக்கிற தூரம்தான். ஆனால் சில இடங்களில் இருபத்துநாலு மணி நேரக் கணக்கு, சில இடங்களில் மத்தியானக் கணக்கு. நீங்கள் காலை ஆறு மணிக்கு உள்ளே போகிற ஆள், ஞாயிறு ராத்திரிதான் வண்டி. கணக்கைக் கேட்காமல் பணம் கட்டினால் ஞாயிறு முழுக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். பெட்டியை மட்டும் சாயங்காலம் வரை வைத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

சனிக்கிழமை குளித்த கையோடு கோயில். கோயிலைத் தவிர என்று நீங்கள் கேட்கவில்லை, நல்ல வேளை. செல்போனை உள்ளே விட மாட்டார்கள், 2018 பிப்ரவரியில் கிழக்குக் கோபுர வாசல் பக்கம் தீப்பிடித்ததே, அதற்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு வந்தது. அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் டோக்கன் வரிசை மிச்சம். அம்மன் சன்னதி வழியாக நுழைவதுதான் ஊர் வழக்கம். பிள்ளைகளைப் பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் முக்குறுணி விநாயகரைக் காட்டுங்கள். அவ்வளவு பெரிய பிள்ளையாரைப் பார்த்ததும் ஆறு வயதுக்காரர் வாயைப் பிளப்பார். அவருக்கு ஒரு கதையும் உண்டு, தெப்பக்குளம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர் என்று சொல்வார்கள். அந்தக் குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறீர்கள் என்பதால் கதையை இப்போதே சொல்லி வையுங்கள்.

காலை டிபன் மேலமாசி வீதி, மேலச் சித்திரை வீதி வட்டாரத்திலேயே முடிந்துவிடும், மாமியாருக்கும் அதுதான் வசதி. முருகன் இட்லிக் கடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, இருந்தாலும் அது பிறந்த ஊரில் சாப்பிட ஆசை இருந்தால் போங்கள். அதைவிட நான் சொல்வது மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை. அங்கே சாயங்கால வெள்ளையப்பமும் காரச் சட்னியும்தான் பேர் போனது. மாமியாரை அங்கே ஒரு வேளை கட்டாயம் உட்கார வையுங்கள்.

டிபன் முடிந்ததும் ஆற்றைத் தாண்டித் தமுக்கம் பக்கம் போங்கள், காந்தி மியூசியம். 1959இல் நேரு திறந்துவைத்தது, ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனைக் கட்டடம், கட்டணம் கிடையாது. வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. 1948இல் சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி ரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை அதன் முன்னால் நின்று கேள்வி கேட்கும், பதிலோடு தயாராகப் போங்கள். அவர் சட்டையைக் கழற்றி அரை வேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில்தான், 1921 செப்டம்பரில், மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். காலையில் டிபன் சாப்பிட்ட வட்டாரமே அதுதான்.

காந்தி மியூசியத்தைக் காலையில் வைத்ததற்கு இன்னொரு காரணம், பக்கத்தில்தான் தல்லாகுளம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் எல்லாம் அந்த வட்டாரம்தான். எது நல்லது என்று கேட்டால் மதுரைக்காரர்களுக்குள்ளேயே சண்டை வரும், நான் அதில் தலையிடவில்லை. பன்னிரண்டரைக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிடுங்கள், ஒன்றரைக்குப் போனால் நீங்கள் சாப்பிடும்போது பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

என்ன வாங்குவது? சாப்பாடு ஒன்று, கூடவே மட்டன் சுக்கா, கோலா உருண்டை. பிள்ளைகளுக்குக் கோலா உருண்டை போதும், காரம் குறைவு. அப்புறம் அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட இருக்காது அந்த மீன், உயிரோடு வாங்கி வந்து பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு வைப்பார்கள், வயிற்றில் இருக்கிற மண்ணையெல்லாம் அது கக்கிவிடும், அப்புறம்தான் உரசிக் கழுவிப் புளிக்குழம்பில் போடுவது. முள்ளோடு அப்படியே மென்று விழுங்க வேண்டியதுதான், ஆய்ந்து சாப்பிடுகிற மீன் இல்லை. விலை மட்டும் சாதாரண மீன் குழம்பு விலை என்று நினைத்துச் சொல்லிவிடாதீர்கள், ரொம்ப அதிகம். பரிமாறுகிறவர் தட்டு நிறையக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு வந்து "இது வேணுமா, அது வேணுமா" என்று காட்டுவார், நாமும் தலையாட்டுவோம், கடைசியில் பில் வரும்போது தெரியும். ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள், கூச்சமே வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். இந்த வேளைக்கு மாமியாரைக் கூட்டிப்போகாதீர்கள். அவரைச் சைவ ஓட்டலில் சாப்பிட வைத்து அறையில் விட்டுவிட்டுப் போனால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

நாலு மணி வரை தூக்கம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ராத்திரி வேலை இருக்கிறது.

எழுந்ததும் திருமலை நாயக்கர் மகால். 1636 வாக்கில் கட்டியது, இப்போது நாம் பார்ப்பது மொத்தத்தில் ஒரு பகுதிதான், பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும்போது இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருப்பதே இந்தப் பிரமாண்டம் என்றால் முழுசும் எப்படி இருந்திருக்கும்! பிள்ளைகளைத் தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள், வீட்டில் அத்தனை பேரும் கை கோர்த்துச் சுற்றி நின்று பாருங்கள். பகலில் ஐந்து மணியோடு சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒலி ஒளிக் காட்சி, ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, சிலப்பதிகாரக் கதையும் நாயக்கர் கதையும் வரும். காட்சி ரொம்பப் பழைய பாணி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் கொட்டாவி வரலாம், ஆனால் அந்த முற்றத்தில் இருட்டில் உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம். பராமரிப்பு வேலைக்காக அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள், அதனால் இன்று உண்டா, தமிழ் எத்தனை மணிக்கு என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வருத்தப்படாதீர்கள், ஒன்பது மணி வாக்கில் கோயிலுக்குப் போய்ப் பள்ளியறை பூஜை பாருங்கள். சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். என்னைக் கேட்டால் மகால் காட்சியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

நடுவில் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்துக்கு விளக்குத்தூண். மகாலிலிருந்து நடந்தே போகலாம். ஜிகர்தண்டா இங்கேதான். உங்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு அந்தப் பேரில் ஏதோ விற்கிறார்கள், ரோஸ் நிறத்தில் சிரப்பை ஊற்றி, அதை நினைத்துக்கொண்டு இதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கிளாஸில் முதலில் ஊறவைத்த கடல்பாசி, அதன் மேல் நன்னாரி சர்பத், அப்புறம் சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், மேலே அவர்களே போடுகிற ஐஸ்கிரீம். அந்த ஐஸ்கிரீம் வெள்ளையாக இருக்காது, பால் சுண்டிய பழுப்பு நிறம், அதுதான் அடையாளம். ஸ்பெஷல் என்று கேட்டால் பாசுந்தியும் சேரும். ஆறு வயதுக்காரருக்கு முழு கிளாஸ் அதிகம், இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள். குடித்து முடித்த கையோடு பக்கத்திலேயே நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடையில் அல்வா, இலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள், சூடாக. அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கண்ணில் பட்டால் மாமியாருக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுங்கள், கருப்பட்டியும் சுக்கும் போட்டது, நடந்து நடந்து வலித்த உடம்புக்கு இதமாக இருக்கும்.

ராத்திரிச் சாப்பாடு சிம்மக்கல், கோனார் கடை, கறி தோசை. கல்லில் தோசையைக் கனமாக ஊற்றி, அது வேகும்போதே மேலே முட்டை, அதன் மேல் கொத்துக்கறி மசாலா, பிறகு எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டு அழுத்துவார்கள். கறி தோசைக்குள்ளேயே அமுங்கி ஒட்டிக்கொள்ளும், விளிம்பு மட்டும் மொறுமொறு. வருகிற தோசையின் கனத்தைப் பார்த்தால் தெரியும், ஆளுக்கு ஒன்று போதும், பிள்ளைகளுக்குப் பாதி. அவர்களுக்குக் காரமாக இருந்தால் பன் பரோட்டா வாங்கிக் கொடுங்கள், உள்ளங்கை அளவில் உப்பலாக இருக்கும், சால்னா தொடாமல் சீனி தொட்டே தின்றுவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேலும் மாசி வீதிகளில் இட்லி ஆவி பறக்கும், அதனால் மாமியாருக்குச் சைவம் கிடைக்காதோ என்ற கவலை இல்லை.

சினிமா பார்க்கலாமா என்று அடியில் கேட்டிருந்தீர்கள். தியேட்டர் உங்கள் ஊரிலும் இருக்கிறது. ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை, அதைத் தாண்டிப் போகும்போது ஒரு பெருமூச்சு விடுவதோடு சரி.

ஞாயிறு காலை, எழுந்துகொள்ள முடிந்தால், கீழக்குயில்குடி சமணர் மலை. ஊரிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம். அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், மாமியார் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். பாறையில் வெட்டிய படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. ஏழரை மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும், பாறை சூடேறினால் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பி வரும் ஆட்டோவையும் பேசியே கூட்டிப்போங்கள், அங்கே நின்றுகொண்டு வண்டி தேடுவது கஷ்டம்.

குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு, வெயில் நேரத்துக்குப் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. முழுக்க ஏசி, பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு, உள்ளே விட்டால் வெளியே இழுத்து வருவதுதான் சிரமம். மூன்று மணிக்குக் கீழடி. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு பாணியில் கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்தான் விடுமுறை. பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்தை நீங்கள் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பகடைக் காயைக் காட்டுங்கள். தந்தத்தில் செய்தது, எண்ணுக்கு வட்டம் போட்டது, நம் தாயக்கட்டைதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒருவர் தாயம் விழவில்லையே என்று கத்தியிருப்பார்.

திரும்புகிற வழியில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் நாயக்கர் வெட்டியது, நடுவில் மைய மண்டபம். ஞாயிறு சாயங்காலம் பாதி மதுரை அங்கேதான் இருக்கும், சுற்றிலும் சுண்டல், பஜ்ஜி, பானிபூரி, ஐஸ் வண்டிகள். முக்குறுணி விநாயகர் இங்கிருந்து வந்தவர்தான் என்று அப்போது சொல்லுங்கள்.

இந்த ஞாயிறுக் கணக்கு முழுசும் முடியாது என்று தோன்றினால் மலையை விட்டுவிடுங்கள், கீழடியை விடாதீர்கள். அழகர்கோயில், பழமுதிர்சோலை எல்லாம் இந்த முறை வேண்டாம், அதற்கே ஒரு நாள் போய்விடும்.

எட்டு மணிக்கு அறையில் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கத்தில் பிரேம விலாஸில் அல்வா வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக அதுதான் சௌகரியம். வண்டி ஒன்பது மணிக்கு மேல்தான், ரயிலில் சாப்பிட இட்லியும் கட்டி வாங்கிவிடலாம்.

கடைசியாக, "அசைவத்தில் ஒரே ஒரு ஐட்டம்தான் முடியும் என்றால் எது?" என்று உங்கள் கணவர் தனியாகக் கேட்டிருக்கிறார். கறி தோசை. அயிரை மீன் அடுத்த முறை. சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.