பாலம் இரண்டு பக்கமும் போகும்

(மலேசியாவின் பந்திங்கில் நடந்த ஒரு கல்வி நிதி விருந்தில் பேசியது. அன்று நேரமில்லாமல் விட்டவற்றில் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். வேறு சிலவற்றை மறுபடியும் விட்டிருக்கிறேன்.)

விருந்தின் தலைவர் அவர்களே, மூன்று நிகழ்ச்சிகளுக்கு நடுவே இங்கேயும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மக்கள் பிரதிநிதி மாண்புமிகு ஒய்.பி. அவர்களே, போட்ட மாலையைக் கழற்றிப் பக்கத்திலிருந்த குழந்தையின் கழுத்தில் போட்டுவிட்ட டத்தோ அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஆலயத் தலைவர் அவர்களே, தோட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் ஐயா அவர்களே, தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, பின்கட்டில் இன்னும் அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். போன வருஷம் இதே மேடையில் செயலாளர் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். மனிதர் தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆகவே செயலாளர் அவர்களே, உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஒரு தீவுப் பள்ளியின் ஓராண்டு’. நான்கு விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: ஆண்டின் நடப்பு, கட்டடம், நிலம், இனி நாம் செய்ய வேண்டியது. இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கம் சொன்னதிலேயே நான்கு போய்விட்டது.

தீவு என்றதும் லங்காவி, பங்கோர் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கேரித் தீவைத்தான் சொல்கிறேன். இங்கிருந்து காரில் போனால் அரைமணி நேரம். ஒரு பக்கம் லங்காட் ஆறு, மறுபக்கம் மலாக்கா நீரிணை, நடுவில் கண்ணுக்கெட்டியவரை செம்பனை, அதுதான் எண்ணெய்ப் பனை. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்டத் துரை போய்ச் சேர்ந்தார், அவர் பெயர் மட்டும் தீவோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கெல்லாம் முன்பிருந்தே அங்கே வாழும் மா மெரி மக்கள் செதுக்கும் மர முகமூடிகளைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் பாலம் தாண்டுகிறார்கள். நாம் நண்டு சாப்பிடத் தாண்டுகிறோம். இந்த நண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவேன்.

தாழ்ந்த நிலம் அது. சுற்றிலும் மண்கரை எழுப்பி, மதகு வைத்துத்தான் கடலை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு நீர் ஏறும். அன்றைக்கு லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கிழவிகள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கரையைப் பார்ப்பார்கள்.

அங்கே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். பிள்ளைகள் 17, ஆசிரியர்கள் 7. “இரண்டரைப் பிள்ளைக்கு ஒரு வாத்தியாரா, ராஜ வாழ்க்கை!” என்பார்கள் நண்பர்கள். நாட்டில் 150 பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் ‘மாணவர் குறைந்த பள்ளி’. நம் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கில்தான் வரும். முப்பதுக்கும் கீழே இறங்கினால் இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் உட்கார வைத்து நடத்த வேண்டியதுதான். மலாயில் கெலாஸ் பெர்ச்சந்தும் என்பார்கள். ஒரு பலகையில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் மூன்றாம் ஆண்டுக்குப் பெருக்கல், அந்தப் பக்கம் நான்காம் ஆண்டுக்குப் பின்னம். பிள்ளைகள் குறைவாக இருக்கலாம், நிரப்ப வேண்டிய படிவங்கள் குறைவதில்லை. எழுநூறு பிள்ளைகள் இருக்கும் பள்ளி எத்தனை படிவம் நிரப்புமோ அத்தனையும் நாங்களும் நிரப்ப வேண்டும். பாடநூல் இரவல் திட்டத்துக்கும், விளையாட்டுக்கும், நூலகத்துக்கும், சிற்றுண்டிச்சாலைக்கும் பொறுப்பு ஒரே டீச்சர். கூட்டம் போட்டால் அவரே செயலாளர், அவரே உறுப்பினர்.

இனி ஆண்டு. எங்கள் காலத்தில் ஜனவரியில் தொடங்கும். கோவிட்டுக்குப் பிறகு மார்ச், பிப்ரவரி என்று அலைந்து 2026-இல்தான் மறுபடி ஜனவரிக்கு வந்து சேர்ந்தோம். முதல் நாள் பெரிய பள்ளிகளில் பெற்றோர் ஜன்னலில் தொங்குவார்கள். எங்களுக்கு ஒன்றாம் ஆண்டில் புதிதாக இரண்டு பேர். ஒருத்தி அழுதால் வகுப்பில் பாதி அழுகிறது என்று அர்த்தம். உடனே பொங்கல் வந்துவிடும். ஒரே பானை, பதினேழு பேரும் சுற்றி நின்று கத்துவார்கள். பிறகு விளையாட்டுப் போட்டி. இரண்டே இல்லங்கள், ஒன்றில் எட்டு, மற்றதில் ஒன்பது. ஒன்பதாவது பிள்ளை கொடி பிடிக்கும். மே 16 ஆசிரியர் தினம், எனக்கு மட்டும் பதினேழு பேனா. ஆகஸ்டு மாதக் கடைசியில் மெர்டேக்கா என்ற சுதந்திர தினத்துக்குக் கொடிகள், அதை ஒட்டியே புகைமூட்டம். காற்று மாசுக் குறியீடு 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும். 2015-இல் எத்தனை நாள் மூடினார்கள் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். செம்பனைக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

ஆறாம் ஆண்டுக்கு யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வு இருந்த காலத்தில் செப்டம்பர்தான் நெஞ்சிடி. ஒரு வருஷம் ஆறாம் ஆண்டில் ஒரே ஒரு பெண் பிள்ளை. அவள் தேறினால் பள்ளித் தேர்ச்சி 100 விழுக்காடு, தவறினால் பூஜ்யம். நடுவில் எதுவும் கிடையாது. தேர்வு வாரம் முழுக்க அவளுக்கு ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டது ஆறு டீச்சர்களும் நானும். ஒருவர் மிளகு ரசம், ஒருவர் குடை. 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள் என்று கேட்டதும் பலர் வருத்தப்பட்டார்கள். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

என் அம்மா அடிக்கடி ஒன்று சொல்வார்: ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். இது பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். கேரித் தீவில் ஒரு நாள் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பையன். பெயர் வேண்டாம், காரணம் பிறகு தெரியும். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். பெயரைக் கேட்டால் மேசையைப் பார்ப்பான். அவன் மூன்று நாள் வரவில்லை. பதினேழில் ஒருவன் வராவிட்டால் வருகை ஆறு விழுக்காடு இறங்கிவிடும், கணினியில் சிவப்பு எரியும். நான் என் கப்சாய் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைசி லயத்துக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடக்கிறது. பின்னால் மாட்டுக் கொட்டகை. உள்ளே சாயம் போன பச்சைச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாட்டி குந்திப் பால் கறந்துகொண்டிருக்கிறார்.

“பாட்டி, பேரன் எங்கே?”

பதில் இல்லை.

“பாட்டி, உங்களைத்தான். பையனை ஏன் அனுப்பல?”

அப்போதும் பதில் இல்லை. எனக்குக் கோபம். பக்கத்தில் போனேன். சேலைக்குக் கீழே பள்ளிக்கூடத்து நீலக் காற்சட்டை தெரிகிறது. பாட்டி திரும்பினார். பையன்!

வாயில் விரலை வைத்து, “சார், பேசாதீங்க சார். மாடு கண்டுபிடிச்சிடும்” என்றான்.

பாட்டி கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில். மாடோ பாட்டியைத் தவிர யார் தொட்டாலும் உதைக்கும். ஆறு வீட்டுக்குப் பால் ஊற்ற வேண்டும், கோயிலுக்கு ஒரு செம்பு. ஆகவே பாட்டி சேலை, பாட்டி வாசனை. அது மட்டும் போதாது, பாட்டி பாடுகிற பாட்டும் வேண்டுமாம். “திரும்பி நில்லுங்க சார், வெட்கமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, கிழவி குரலில் நடுங்க நடுங்கத் தாலாட்டுப் பாடினான். மூன்று வருஷமாகத் தன் பெயரைச் சொல்லாத பையன்! மாடு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நான் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை.

அன்றைக்கென்று பார்த்து பள்ளிக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்துவிட்டார், மலாய்க்காரர். “குரு பெசார் எங்கே?” என்று தலைமையாசிரியரைக் கேட்டிருக்கிறார். டீச்சர்கள் முழித்திருக்கிறார்கள். ஒன்றாம் ஆண்டு வாண்டு ஒன்று முந்திக்கொண்டு, “சிக்கு பெர்கி பெரா சூசு லெம்பு” என்று அழகான மலாயில் சொல்லியிருக்கிறது. வாத்தியார் மாடு கறக்கப் போயிருக்கிறார்! நான் பையனைப் பின்னால் ஏற்றி, கையில் பால் போணியோடு வந்து இறங்குகிறேன், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்?

நடந்ததைச் சொன்னேன். முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், பிறகு அந்தப் பாலிலேயே தே தாரிக், அதாவது ஆற்றிய தேநீர் குடித்தார். மனிதர் இளகிவிட்டார், கணினி இளகவில்லை. அந்த மூன்று நாள் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. மறுநாள் பையனிடம் பாடப்புத்தகத்தைக் கொடுத்து, “உன் குரல்ல வேண்டாம், பாட்டி குரல்ல வாசி” என்றேன். வாசித்தான். ஒரு பக்கம் முழுவதும். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, அவனும் சிரித்தான். தீபாவளி வருவதற்குள் சொந்தக் குரலுக்கு வந்துவிட்டான். ஆடுற மாட்டை ஆடி, பாடுற மாட்டைப் பாடி. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எந்த டீச்சருக்கு வாளி மேல் உட்கார நேரம் இருக்கும்?

இரண்டாவது கட்டடம், மூன்றாவது நிலம். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவரோடு இன்னொரு சண்டை வேண்டாம். ஒன்று மட்டும். நிலம் கம்பெனியுடையதாக இருந்தால் அது பாதி உதவி பெறும் பள்ளி. சம்பளம் அரசாங்கம் தரும், கூரை ஒழுகினால் நாம் உண்டியல் குலுக்க வேண்டும். மற்றதை வேறொரு மேடையில் பேசுகிறேன்.

நேராக நான்காவதுக்கு வருகிறேன். 1923 தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வை என்று துரைமாரிடம் சொன்னது. அன்று பிள்ளைகள் இருந்தார்கள், பள்ளி வைக்க மனமில்லை. இன்று பள்ளி இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. சுதந்திரம் வந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று 530-க்கும் கீழே. செம்பனைக் குலை வெட்டுவது இப்போது இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவதில்லை. நம்மவர்கள் தாமானுக்கு, அதாவது வெளியே உள்ள வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோய்விட்டார்கள். அதனால் பள்ளி லைசென்ஸையே தாமானுக்கு மாற்று என்கிறார்கள். அப்படி மாற்றிப் பிழைத்த பள்ளிகள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தீவில் மிச்சமிருக்கும் பிள்ளைகளை யார் மடியில் கட்டிக்கொண்டு போவது?

போன மாதம் காலை ஆறு மணிக்குப் பாலத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். தீவிலிருந்து வெளியே வரும் வேன்களில் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். திரும்ப உள்ளே போகும்போது அதே வேன்கள் காலி. பாலம் இரண்டு பக்கமும்தானே போகிறது? நண்டுக்காக அரைமணி நேரம் தாண்டுகிறோம், பிள்ளைக்காகத் தாண்டக்கூடாதா? இங்கே டவுனில் ஒரு வகுப்பில் நெருக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைகளில் சிலர் அங்கே போகட்டும். நான் கேட்பது கட்டடம் அல்ல, ஒரே ஒரு வேன்.

ஒய்.பி. அவர்களே, உங்களிடம் ஆடிக் கறப்பதா பாடிக் கறப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆடினால் முட்டி வலிக்கும், பாடினால் மண்டபம் காலியாகும். வேனின் முன்பணத்தை நீங்கள் ஏற்றால், மாதத் தவணையை டத்தோ பார்த்துக்கொள்வார். நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை. ஆனால் சிரிக்கிறார், பாருங்கள்.

ஓட்டுநர் தயார். பயணிகள் வண்டி ஓட்டும் பி.எஸ்.வி. லைசென்ஸ் உண்டு, இத்தனை நாளும் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். கடைசி வரிசையில் நீலச் சட்டையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். சேலை கட்டச் சொல்ல மாட்டேன் தம்பி, பயப்படாதே.

வேனில் பன்னிரண்டு இருக்கை, ஓட்டுநர் போகப் பதினொன்று. வாசலருகே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் நேற்று வரை நான்கு பெயர்கள், அதில் ஒன்று என் பேத்தி. இன்னும் ஏழு வேண்டும். கை கழுவப் போகிற வழியில்தான் மேசை. அப்பளம் நமத்துப் போவதற்குள் உட்கார்கிறேன். வணக்கம்.