பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்கு எந்த ஒயின்?

(காட்சி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ். மேசையில் பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் சலான் கட்டு.)

வணக்கமுங்க. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்துக்குப் போகலாம் என்றால் பில்லிங் சாஃப்ட்வேர் குறுக்கே நிற்கிறது. அதை எழுதிக் கொடுத்த பையன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ, போன் நம்பர்கூட மாறிவிட்டது.

இதற்குத்தான் ஒயின். குடிக்கிற ஒயின் இல்லைங்க. விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டித் தருவது. 1993-ல் தொடங்கிய வேலை, 1.0 வெளிவந்தது 2008-ல்.

(திரையில்: 10.0, அதன் கீழே 10.1, 10.2, 10.3)

டவுன்லோட் செய்யப் போனால் ஸ்டேபிள், டெவலப்மென்ட் என்று இரண்டு இருக்கும். புள்ளிக்குப் பின் பூஜ்யம் இருந்தால் ஸ்டேபிள். இது ஆண்டுக்கு ஒன்று, ஜனவரி வாக்கில் வரும்; 10.0 வந்தது 2025 ஜனவரியில். 10.1, 10.2 எல்லாம் டெவலப்மென்ட். இரண்டு வாரத்துக்கு ஒன்று வரும். டிசம்பரில் புது வேலையை நிறுத்திவிட்டுப் பிழை மட்டும் திருத்துவார்கள். அதுதான் அடுத்த ஸ்டேபிள் ஆகிறது. ஸ்டேஜிங் என்று மூன்றாவதும் உண்டு, சோதனைத் திருத்தங்கள் சேர்த்தது. கணக்கு மெஷினுக்கு அது வேண்டாம்.

ஸ்டேபிள் என்றால் பிழையே இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இன்றைக்கு இருக்கிறபடியே நாளைக்கும் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் சாஃப்ட்வேர் அதில் திறக்கவில்லை என்றால் அடுத்த ஜனவரி வரை திறக்காமலே போகலாம். அந்தப் பிழையை மார்ச்சிலேயே டெவலப்மென்டில் சரிசெய்திருப்பார்கள்!

அதனால் முதலில் ஸ்டேபிளைப் போடுங்கள். பில் போட்டு, பிரிண்ட் எடுத்து, கணக்கைச் சரிபாருங்கள். ஓடினால் கை வைக்காதீர்கள். ஓடாவிட்டால் மட்டும் டெவலப்மென்ட்.

நான் ஒருமுறை ஆசைப்பட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினில் புதுசைப் போட்டேன். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்புகிற சலானில் எழுத்தெல்லாம் ஓரமாய் ஒதுங்கிவிட்டது. வேன் வாசலில் நிற்கிறது, நான் கையால் சலான் எழுதுகிறேன். சரி, பழையதுக்கே திரும்பலாம் என்றால் அதிலும் சிக்கல். புது ஒயின் ஒருமுறை ஓடியதுமே நம் சாஃப்ட்வேர் இருக்கிற ஒயின் ஃபோல்டரைத் தனக்கேற்ப மாற்றிவிடுகிறது. பழைய ஒயின் அதை ஒழுங்காக எடுக்கும் என்று நம்ப முடியாது.

(காட்சி: ஹோம் ஃபோல்டர். கன்ட்ரோல், ஹெச் அழுத்தியதும் மறைந்திருந்த ஃபோல்டர்கள் தெரிகின்றன.)

பெயருக்கு முன்னால் புள்ளியோடு இருக்கிறதே, இந்த ஒயின் ஃபோல்டர்தான். ஒயினை மாற்றுவதற்கு முன் இதை முழுசாகக் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம், டாங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் சொருகுகிற சின்னச் சாவி, இருந்தால்தான் திறக்கும் சாஃப்ட்வேரா? விண்டோஸ் டிரைவர் கேட்கிற சமாச்சாரம் அது. ஸ்டேபிளோ டெவலப்மென்டோ, பெரும்பாலும் எதிலும் ஓடாது. அதற்கென்று ஒரு விண்டோஸ் மெஷினை, நெட் கனெக்‌ஷன் கொடுக்காமல், மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.