அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் பாதிப் பேர் அடுப்படியில் இருப்பீர்கள், அதனால் சட்டப் புத்தகத்தை விரிக்கப் போவதில்லை. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் 26 வருஷம் இருந்தவன் நான். இன்று ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தேன்: வீடு வாங்கப் போகிறீர்களா, உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள், அதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

"எதுக்கு சார், ஈ.சி. போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு" என்பார்கள். ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்று என்பது என்ன? சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவு செய்யாத உயில் அதில் வராது. யாருக்குப் பங்கு விட்டுப்போனது என்பதும் வராது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு நர்ஸ் அம்மா, பல வருஷம் வாடகை வீட்டிலேயே இருந்தவர். நாலு சென்ட்டில் ஒரு ஓட்டு வீடு, வாசலில் பேரி மரம், பார்த்ததுமே அவருக்குப் பிடித்துவிட்டது. விற்கிறவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அது அப்பா சொந்தமாக வாங்கிய இடம், அவர் காலமான பிறகு இருவரும் பாகப்பிரிவினை எழுதிப் பதிவு செய்து பட்டாவும் மாற்றிக்கொண்டார்கள். 30 வருஷ ஈ.சி.யில் ஒரு கடன்கூட இல்லை. சனிக்கிழமை நல்ல நாள், இரண்டு லட்சம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிடலாம் என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். அந்தம்மா வெள்ளிக்கிழமை மத்தியானம் கடன் விவரம் கேட்டு என் மேஜைக்கு வந்தார். முதலில் வக்கீலைப் பாருங்கள் என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தேன்.

அந்த வக்கீல் பத்திரங்களைப் புரட்டினார், அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "இவங்களோட பொறந்த பொண்ணுங்க யாராவது இருக்காங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தால் இரண்டு அக்காமார், ஒருவர் மேட்டுப்பாளையத்தில், இன்னொருவர் கூடலூரில். அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் உயிரோடு இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு, கல்யாணமாகிப் போயிருந்தாலும் உண்டு. ஆக அந்த வீட்டில் சரிபாதி அக்காமாருடையது! தம்பிகள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, சீர் செய்து அனுப்பியாயிற்று, அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நாலு பேரும் சேர்ந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அக்காமாருக்கும் பங்குப் பணம் போனது. இரண்டு மாதம் தாமதம், அவ்வளவுதான். பேரிக்காய் சீசனில் அந்தம்மா இன்றும் ஒரு பை கொடுத்தனுப்புகிறார்.

நடுவில் ரேடியோவைத் திருப்பியவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: ஈ.சி. சுத்தம், பட்டா சரி, ஆனால் வீட்டில் பாதி வேறு ஆளுடையது.

சரி, உங்கள் வக்கீல் யார்? புரோக்கர் கூட்டி வருகிறவர் இல்லை, விற்கிறவருக்கு வேண்டியவரும் இல்லை. பத்திரம் எழுதுகிறவர் நீங்கள் சொல்வதை முறையாக எழுதித் தருவார், தாய்ப்பத்திரம், அதாவது முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம் வரைக்கும் பின்னால் போய் உரிமையைத் தேடுவது அவர் வேலை இல்லை. "பேங்க்லயே லீகல் பார்க்கிறாங்களே" என்று கேட்கலாம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அந்த வக்கீல் அபிப்பிராயம் வங்கியின் பணத்தைக் காப்பதற்காக எழுதப்படுவது. அது வருவதற்குள் நீங்கள் பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்து முடித்திருப்பீர்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 50 லட்சத்துக்கு நாலரை லட்சம், இதை முணுமுணுக்காமல் கட்டுகிற நாம் வக்கீல் ஃபீஸில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம், அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான். ஃபீஸை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அவர் அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குங்கள்.

மலைக்கென்றே உள்ள சங்கதிகளைத் தனியாகக் குறித்து வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்கிறேன். கூடலூர், பந்தலூரில் ஜென்ம நிலமா, அதாவது பழைய ஜென்மிகளான பெரிய நிலக்காரர்களுடைய நிலமா, அந்த முறையை ஒழித்த 1969-ஆம் வருஷச் சட்டத்தில் தோட்டக் குத்தகை நிலம் பற்றிய 17-ஆம் பிரிவில் வருகிறதா என்று கேளுங்கள். முதுமலையை ஒட்டிய சீகூர் பக்கமென்றால் இடம் யானை வழித்தடத்தில் வருகிறதா என்று பாருங்கள், 2020-இல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்துவிட்டது. 1949-ஆம் வருஷத் தனியார் காடுகள் சட்டத்தில் வந்தால் கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அரசு ஒப்படை செய்த, அதாவது நிபந்தனையோடு ஒருவருக்குக் கொடுத்த நிலமென்றால் அந்த நிபந்தனையைப் படிக்கச் சொல்லுங்கள். கீழே சமவெளியிலிருந்து வாங்க வருகிறவர்கள் இந்த மலை வழக்குகளில் பழகிய வக்கீலாகப் பாருங்கள். கட்டட அனுமதி பற்றியும் சொல்ல இருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.